பெரிய கிளாக்கர் ஐயாவின் கொன் சாக்ஸபோனும் வளைந்த நெக்கும்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹட்டனில் விடாத மழை. பழைய தோல் பெட்டி ஒன்றை ரெயின்கோட்டுக்குள் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு பெரிய கிளாக்கர் ஐயா எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நுவரெலியாவில் இருக்கிறார், கத்தோலிக்கக் கோயிலில் காலைப் பூசைக்குப் பாடல் குழுவோடு சாக்ஸபோன் வாசிக்கிறார்.

"தம்பி, கீபோர்டோட சேரவே மாட்டேங்குது. எவ்வளவு உள்ள தள்ளினாலும் சுதி எறங்கியே நிக்குது. மேல போனா ஏறுது. எல்லாரும் நெக்க மாத்துன்னு சொல்றாங்க. மகன் டுபாயிலருந்து ஒன்னு வாங்கி அனுப்பியும் வச்சிட்டான். அதப் போட்டா இன்னும் மோசமா இருக்கு."

நெக் என்றால் மவுத்பீஸ், அதாவது ஊதுவாய், மாட்டும் வளைந்த குழாய். பெட்டியைத் திறந்தேன். வெள்ளி முலாம் பூசிய ஆல்டோ, நடுத்தர அளவுச் சாக்ஸபோன். மேலெல்லாம் கறுத்திருந்தாலும், சத்தம் வெளிவரும் அகன்ற முனையான மணிக்குள் பூசிய பொன்முலாம் இன்னும் மங்கலாக மின்னியது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் கொன் கம்பெனி செய்தது. 1975-ல் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை, துரைமார் கிளப்பில் வேலை செய்த ஐயாவின் தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். அப்படி இந்த மலைகளில் தங்கிவிட்ட வாத்தியங்கள் இன்னும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளுக்கு மேல் கிடக்கின்றன. வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இந்த வேலையை முழுதாக எழுதுகிறேன்.

ஐயா கையோடு ஒரு கேள்வியும் கொண்டு வந்திருந்தார். "இது 1914-ல செஞ்சது, இல்லையா தம்பி? பின்னால போட்டிருக்கே."

பின்பக்கம், கட்டைவிரல் தாங்கிக்குக் கீழே, 1914 டிசம்பர் 8 என்ற தேதியும் 1119954 என்ற எண்ணும் பொறித்திருந்தன. பழைய கொன்களைப் பார்ப்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். அது வாத்தியம் செய்த நாள் அல்ல, காப்புரிமை பெற்ற நாள். பக்கத்தில் இருப்பது காப்புரிமை எண். துளை விளிம்புகளைத் தனியாக ஒட்டாமல் உடம்புத் தகட்டிலிருந்தே இழுத்தெடுக்கும் முறைக்கானது. வாத்தியத்தின் சொந்த இலக்கம் அதற்குக் கீழே தனியாக இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் இது 1920-களில் செய்யப்பட்டது. ஐயாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த 'எல்' என்ற ஒற்றை எழுத்தைக் காட்டி, "உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம் இதுதாங்க ஐயா" என்றேன்.

அந்தக் காலத்தில் சுருதி இரண்டு வழக்கில் இருந்தது. பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகள் 'ஏ' ஸ்வரத்தை நொடிக்கு 452 அதிர்வுக்கு மேல் வைத்து வாசித்தன. 440 என்று சர்வதேச அளவில் ஒத்துக்கொண்டது 1939-ல் லண்டன் மாநாட்டில்தான். பழைய வாத்தியங்களில் 'எல்' என்றால் தாழ்ந்த சுருதி, இன்றைக்கு நாம் வாசிக்கும் சுருதிக்குப் பக்கம். 'எச்' என்று இருந்தால் உயர்ந்த சுருதி. அது ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் பாதி உயரத்தில், குழாயே குட்டையாகச் செய்யப்பட்டது. எந்த நெக்கைப் போட்டாலும், மவுத்பீஸை எவ்வளவு வெளியே இழுத்தாலும், கீபோர்டோடு சேராது. ஒரு பக்கம் சேர்த்தால் இன்னொரு பக்கம் பிரியும். நம் நாடு பிரிட்டிஷார் ஆண்ட நாடு என்பதால் இங்கே 'எச்' வாத்தியம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழசு ஒன்று விலைக்கு வந்தால் முதலில் டோர்ச் அடித்து இந்த எழுத்தைத்தான் தேடுங்கள். மற்ற எல்லாக் குறையையும் சரிசெய்யலாம், இதைச் செய்ய முடியாது.

அடுத்து உடம்பு. நீளக் குழாயை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிக் குழல் பார்ப்பது போல் பார்த்தேன், நேராக இருந்தது. மணியையும் உடம்பையும் இணைக்கும் வளையத்தின் அடியில் பள்ளம் இல்லை. அங்கே பள்ளம் இருந்தால் என்றோ முகங்குப்புற விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கொன்னில் துளை விளிம்புகள் வெளிப்பக்கமாக உருட்டி மடித்தவை. அவற்றை யாராவது அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்தேன். சாதாரண விளிம்பைச் சமன் செய்ய லேசாகத் தேய்ப்பார்கள். மடித்த விளிம்பில் அதைச் செய்தால் மடிப்பே அறுந்துபோகும், திரும்ப வராது. நல்லவேளை, யாரும் கை வைக்கவில்லை. கீகளைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, நூறு வருஷத்துக்கு அது அதிகமில்லை. இடது கட்டைவிரல் படும் இடத்தில் வெள்ளி தேய்ந்து பித்தளை தெரிந்தது. எனக்கு அதுதான் சந்தோஷம். வாசிக்கப்பட்ட வாத்தியம். ஒரு தேய்மானமும் இல்லாமல் புதுசு மாதிரி இருக்கும் பழைய சாக்ஸபோனை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். யாரும் வாசிக்கப் பிரியப்படாததால் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும், இல்லையென்றால் பொலிஷ் இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து மறுபடி லாக்கர் அடித்திருப்பார்கள். அப்படி அடித்ததைப் பூவேலையில் கண்டுபிடிக்கலாம். வெட்டின் ஓரங்கள் கூர்மை போய், சவர்க்காரத்தில் செதுக்கியது போல் மழுங்கி இருக்கும்.

துளைகளை மூடும் தோல் பேட்கள் காய்ந்து ஓரம் கிழிந்திருந்தன. அதற்காகப் பயப்பட வேண்டாம். பேட் என்பது லொறிக்கு டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவதுதான். குழாய்க்குள் சிறிய எல்ஈடி பட்டி விளக்கை விட்டு இருட்டில் பார்த்தபோது கீழே இரண்டு, மேலே ஒன்று ஒளி விட்டது. அவற்றை மட்டும் மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

பிறகுதான் நெக்.

நெக் என்று நாங்கள் சொல்வது மவுத்பீஸுக்கும் உடம்புக்கும் நடுவில் வளைந்து வரும் அந்தச் சின்னக் குழாய். பார்வைக்குச் சின்னது, ஆனால் சாக்ஸபோனின் குணத்தில் பெரும்பங்கு அங்கேதான். காரணத்தைச் சொல்கிறேன். சாக்ஸபோன் ஒரு கூம்பு. அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல் பிரான்ஸில் காப்புரிமை வாங்கியதே கூம்புக் குழாயில் ஒற்றை ரீட் (நாணல் தகடு) வைத்த வாத்தியத்துக்குத்தான். கூம்பு முழுதாக இருந்தால் அதன் முனை ஊசியாக முடிய வேண்டும், ஆனால் அங்கே ஊத முடியாதே. அதனால் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய பகுதிக்குப் பதிலாக மவுத்பீஸின் உள்கொள்ளளவை வைக்கிறார்கள். அந்த வெட்டு வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கூம்புதான் நெக். உள்விட்டம் அங்கே 12 மி.மீட்டரில் தொடங்கி 23, 24 வரை விரிகிறது. இந்தக் குறுகலான இடத்தில் அரை மி.மீ. மாறினால், கீழே மணியில் ஒரு சென்டிமீட்டர் மாறுவதைவிட அதிகம் பேசும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் குழாய்க்குள் அலை வெவ்வேறு இடத்தில் உச்சம் கொள்கிறது. குழாய் நசுங்கிய இடம் ஒரு ஸ்வரத்தின் அழுத்த உச்சமாக இருந்தால் அந்த ஸ்வரம் ஏறும், காற்றின் அசைவு உச்சமாக இருந்தால் இறங்கும். அதனால்தான் நெக் கெட்டால் எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி விலகாமல், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகிறது. ஐயா சொன்னது அதேதான்.

இதே கொன் ஆல்டோக்களில் பலவற்றுக்கு நெக் நுனியில் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு இருக்கும். இதில் அது இல்லை, வெறும் குழாய். வேலை எனக்குக் கொஞ்சம் சுலபமானது.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. நெக்கைக் கழற்றி, அகலமான பக்கத்தை உள்ளங்கையால் இறுக மூடி, சின்னப் பக்கத்தில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சினேன். நாக்கை ஒட்ட வைத்தால் இரண்டு மூன்று விநாடியாவது பிடித்து நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டது. காதருகே வைத்து மெல்ல ஊதினேன், மேல் ஸ்தாயிக்கு மாற்றும் ஒக்டேவ் கீயின் பேட் அடியிலிருந்து 'ஸ்ஸ்' என்று வந்தது. இரண்டாவது, உடம்பின் பொருத்துவாயில் நெக்கைச் செருகி, திருகை இறுக்காமல் ஆட்டிப் பார்த்தேன். தயிர்ச் சட்டியில் மத்து ஆடுவது போல் ஆடியது. வெர்னியர் வைத்து அளந்ததில் பொருத்துவாய் உள்ளளவு 24.6, நெக்கின் பொருத்துக் குழல் 24.4. 0.2 மி.மீ. இடைவெளி. ஐயா திருகைக் கெட்டியாக முறுக்கி முறுக்கிச் சமாளித்திருக்கிறார். அப்படி முறுக்கினால் பொருத்துவாய் நாளடைவில் வட்டம் போய் முட்டையாகும், ஒழுகலும் நிற்காது.

மூன்றாவதுதான் பெரியது. நெக்கின் வளைவில், ஐயாவும் அவர் அப்பாவும் மவுத்பீஸைப் பிடித்து அழுத்தி அழுத்தி மாட்டியதில், குழாய் கீழ்நோக்கி இறங்கியிருந்தது. வளைவின் இரு பக்கமும் லேசாகப் புடைத்து, அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது. குறுக்கே 18.9, மேலிருந்து கீழ் 17.6. வட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் 1.3 மி.மீ. வித்தியாசம். பழைய சாக்ஸபோன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் காயம் இருக்கும். வாங்கப் போனால் நெக்கைத் தனியாகக் கழற்றிப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்த வாத்தியத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

டுபாயிலிருந்து வந்த புது நெக்கையும் மேசையில் பக்கத்தில் வைத்து அளந்தேன். எல்லா ஆல்டோவுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பார்க்க அழகு, தங்க நிறம். பொருத்துக் குழல் 24.1. ஒக்டேவ் வளையம் உடம்பின் ஊசியைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி நின்றது. முக்கியமாக, குழாயின் நடுக்கோட்டை ஒரு நூலை வளைத்து வைத்து அளந்தால் பழசைவிட ஏறக்குறைய 9 மி.மீ. குட்டை. குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி ஒழுகலை அடைத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். நடு 'ஜி'யை ட்யூனரில் நேராக்கினால் மேல் 'ஏ' 35 சென்ட் ஏறி நின்றது, கீழ் 'டி' 15 சென்ட் இறங்கியது. நூறு சென்ட் ஓர் அரை ஸ்வரம். நெக் குட்டை என்றால் மவுத்பீஸை வெளியே இழுத்துச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். இழுத்தால் நீளக் குழாயில் வாசிக்கும் கீழ் ஸ்வரங்கள் கொஞ்சம்தான் இறங்கும், குட்டைக் குழாயில் வாசிக்கும் இடது கை ஸ்வரங்கள் அதைவிட அதிகம் இறங்கும். ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கும். அந்த நெக் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. இந்த உடம்புக்குச் செய்த கூம்பு அல்ல அது, அவ்வளவுதான்.

"அப்ப பழச நேர் பண்ண முடியுமா தம்பி?"

"ஒடையாம பண்ண முடியுமான்னு ஃபிட்டர் மாமாட்டதான் கேக்கணும் ஐயா."

தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியை ஸ்டோர் என்போம். எங்கள் ஸ்டோரில் ஃபிட்டராக இருப்பவர் என் தாய்மாமா. ரோலர் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் லேத்தில் தானே கடைந்து போடுகிறவர். நெக்கை வாங்கி விரல் நுனியால் ஒரு சுற்றுச் சுற்றினார். "உள்ளுக்குள்ளருந்து தள்ளணும்டா. வெளியிலருந்து தட்டினா இன்னும் நசுங்கும்" என்றார். சாக்ஸபோனை அவர் அன்றைக்குத்தான் முதல்முதல் கையில் எடுத்தார், ஆனால் உலோகம் அவருக்குத் தெரியும்.

மூன்று இரும்புப் பீப்பாய்கள் கடைந்தார். நடுவில் தடித்து இரு பக்கமும் சரிந்த, விரல்முனையளவு உருண்டைகள். 16, 16.5, 17 மி.மீ. நான் 18.3 என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தகட்டுக் கனத்தக் கழிக்க வேணாமா?" என்று திருத்தினார். வெளியளவு 18.3 என்றால் இரு பக்கத் தகடும் போக உள்ளளவு 17 சொச்சம்தான். ஒவ்வொரு பீப்பாயிலும் நடுவே துளை போட்டு, பழைய மோட்டார் சைக்கிள் கிளச் வயரைக் கோர்த்து, இரு பக்கமும் இறுக்கிக் கட்டினோம். அகலமான பக்கம் வழியாக உள்ளே விட்டு, சின்னப் பக்கம் வழியாக வயரை இழுத்தால் பீப்பாய் தன் அளவுள்ள இடத்தில் வந்து உட்காரும். மறுபக்க வயரை இழுத்தால் திரும்பி வரும்.

அதற்கு முன் ஒக்டேவ் கீ, பழைய கார்க் எல்லாவற்றையும் கழற்றி, நெக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சம்புளி விட்டுக் கழுவினேன். உள்ளே பச்சைப் பாசி போல் ஒரு படலம். அது போனதும் டோர்ச் வைத்து உள்பக்கம் முழுவதும் தேடினேன், ரோஜா நிறப் புள்ளிகள் இருக்கிறதா என்று. எச்சில் ஈரத்தில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் மிஞ்சும்போது அப்படி இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தில் தகடு பிஸ்கட் போல் உதிரும், வளைத்தால் ஓட்டை விழும். எங்கள் மலை ஈரத்தில், வாசித்துவிட்டுத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் நெக்தான் முதலில் இப்படிச் சாகும். இதில் நுனிக்கருகே ஒரே ஒரு புள்ளி, அதுவும் வளைவுக்குத் தூரத்தில். தொடரலாம் என்று மாமா தலையாட்டினார்.

வளைவைத் தூக்க, எந்த அளவுக்குத் தூக்குவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அசல் வளைவின் படம் நம்மிடம் இல்லை. ஆனால் ஒக்டேவ் கீயின் நீண்ட கை இருக்கிறதே, அது நெக்கின் முதுகை ஒட்டி அதே வளைவில் செய்யப்பட்டது, அது வளையவில்லை. அதை மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் அதிக இடைவெளி, ஒரு பக்கம் உரசல். இடைவெளி முழு நீளத்துக்கும் ஒரே சீராக வரும்வரை தூக்கினால் அசல் வளைவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வைஸில் மரக்கட்டை வைத்து, அகலப் பக்கத்துக்குள் கடைந்த மர முளை ஒன்றைச் செருகிப் பிடித்து, 16 மி.மீ. பீப்பாயை வளைவுக்குள் உட்காரவைத்து, இரண்டு கையாலும் மெல்ல மேலே தூக்கினேன். மயிரளவு நகர்ந்தது. கழற்றி, கீயை வைத்துப் பார்த்து, மறுபடி. பித்தளை வளைய வளைய இறுகும். முன்னும் பின்னுமாக நாலு தடவை ஆட்டினால் விரிசல் விடும். அதனால் ஒரே திசையில், கொஞ்சம் கொஞ்சமாக, அதிகம் தூக்கிவிட்டுத் திரும்ப அமுக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொண்டேன். நாலாவது தூக்கில் இடைவெளி சீரானது.

பிறகு வட்டமாக்குவது. 16.5 போய் வந்தது. 17 மி.மீ. பீப்பாயை இழுக்கும்போது இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் நல்லா வரும் என்று நினைத்துவிட்டேன். உட்கார்ந்தது, வரவில்லை. பின்பக்க வயரை இருவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை, வயரில் ஓர் இழை அறுந்தது. நூறு வருஷத்துப் பொருள், இன்னொருவருடையது, உள்ளே இரும்பு சிக்கி நிற்கிறது. என் வயிறு கலங்கியது. மாமா பேசாமல் போய் கேத்தலில் கொதித்த தண்ணீர் கொண்டு வந்தார். வெளியே மட்டும், வளைவின் மேல், மெல்லிய தாரையாக ஊற்றினார். இரும்பைவிடப் பித்தளை சூட்டில் அதிகம் விரியும். பத்துப் பதினைந்து விநாடியில் மரச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரே ஒரு தட்டு, வயரை இழுத்தார், 'டொக்' என்று வந்துவிட்டது. வந்த பிறகு அளந்தால் 18.4-க்கு 18.2. போதும் என்று நிறுத்தினோம். மிச்சம் 0.2-ஐத் துரத்தினால் தகடு மெலியும்.

நெருப்பு மட்டும் எந்த நேரத்திலும் காட்டவில்லை. பொருத்துக் குழலும் ஒக்டேவ் துளையின் குமிழும் ஈயப் பற்றால்தான் நிற்கின்றன, சூடு கண்டால் இறங்கி வரும்.

பொருத்துக் குழலை விரிக்க மாமா ஒரு வேலை செய்தார். சுவரில் அடிக்கும் விரியும் போல்ட் எப்படித் திருகத் திருக விரிகிறதோ, அதே மாதிரி இரும்பு உருளையை நாலாகப் பிளந்து நடுவில் சரிவான போல்ட் போட்டார். உள்ளே விட்டு, கால் திருப்பம் திருக்கி, எடுத்து, சற்றுத் திருப்பி வைத்து, மறுபடி. இல்லாவிட்டால் நாலு பிளவின் அடையாளமும் விழும். 24.4-லிருந்து 24.58. பிராசோ தடவிக் கையால் சுற்றிச் சுற்றி உட்காரவைத்தேன். இப்போது திருகைத் தொடாமலேயே நெக் தானாக நிற்கிறது, சாய்த்தால் மெதுவாக மட்டும் சுற்றுகிறது. அந்த மெதுவான சுழற்சியைக் கையில் உணர்ந்தபோது எனக்கு வேலை முடிந்தது போல் இருந்தது.

ஒக்டேவ் பேடுக்குத் தோல் வைக்காமல் கார்க் வில்லை வெட்டி வைத்தேன். சீராக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒக்டேவ் அழுத்தி 'ஜி' பிடித்தால் நெக்கில் உள்ள கீ அசையவே கூடாது, 'ஏ'க்கு மாறியதும் எழ வேண்டும். 'ஜி' பிடித்தபடி கட்டைவிரலைத் தட்டித் தட்டி, நெக்கில் உள்ள கீ துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடித்தால் வளையத்துக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி இல்லை என்று அர்த்தம். நுனி கார்க்குக்கு 1.6 மி.மீ. தகடு, செருப்புத் தைக்கும் அண்ணன் வைத்திருக்கும் பசை. இரு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, ஒரே தடவையில் சுற்ற வேண்டும். தப்பாக வைத்தால் திரும்ப எடுக்க முடியாது. பிறகு மணல் தாளை நாடாவாக வெட்டி, ஷூ பொலிஷ் பண்ணுவது போல் இழுத்து இழுத்துத் தேய்த்தேன், மவுத்பீஸ் இறுக்கமாகவும் சுலபமாகவும் ஏறும்வரை. கார்க் மட்டும் தடித்து இருந்தால் ஐயா மறுபடி அமுக்கி அமுக்கி நெக்கை இறக்கிவிடுவார்.

வாத்தியத்தைச் சூடாக்கி, எங்கள் வீட்டிலேயே ட்யூனர் வைத்துப் பார்த்தோம். பழுது பார்க்கும் முன் மேல் 'ஏ' 28 சென்ட் ஏறியிருந்தது, இப்போது 12. கீழ் 'பி ஃபிளாட்' முன்பு தண்ணீரில் கொப்பளிப்பது போல் நடுங்கும், இப்போது மெதுவாக ஊதினாலும் நிற்கிறது. இன்னும் மிச்சமிருந்த 12-க்குக் காரணம் மவுத்பீஸ். ஐயா வைத்திருந்தது உள்ளறை குறுகிய புதுவகை. வெட்டிய கூம்பு முனையின் கொள்ளளவை மவுத்பீஸ் நிரப்ப வேண்டும் என்று சொன்னேனே, பழைய கொன் அகலமான, உருண்டையான உள்ளறையை எதிர்பார்த்துச் செய்தது. என்னிடம் இருந்த பெரிய உள்ளறை மவுத்பீஸைக் கொடுத்தேன். ஏழு, எட்டுக்கு வந்தது, மிச்சத்தை உதடு பார்த்துக்கொள்ளும்.

நெக் மாற்றும் ஆசை எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. என் சொந்த வாத்தியம் யமஹாவின் 23 மாடல். கண்டியில் வாசிக்கும் ஒரு நண்பர் தன் உயர்ரக யமஹா 62-இன் நெக்கை இரண்டு வாரம் தந்தார். அளவு என் உடம்புக்குச் சரியாகவே உட்கார்ந்தது. முதல் நாள் எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது, காற்று தடையில்லாமல் போனது. பிறகு அக்கா மகனைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து, எந்த நெக் என்று சொல்லாமல் ஒரே பல்லவியைப் பத்துத் தடவை மாற்றி மாற்றி வாசித்தேன். ஆறு தடவை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். எனக்குக் கையிலும் வாயிலும் தெரிந்தது, அவனுக்குக் காதில் தெரியவில்லை. மேல் இரண்டு ஸ்வரங்களின் சுருதி கொஞ்சம் மேம்பட்டது உண்மை. ஆனால் அது 2022. வருஷ ஆரம்பத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போன காலம். அந்தக் காசில் பேட்கள் முழுவதையும் மாற்றினேன். வாத்தியம் மாறியது அதில்தான்.

வெள்ளி நெக், செம்பு கூடின நெக், பொன்முலாம் நெக் என்று உலோகத்தைச் சொல்லி விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். 1971-ல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் உள்ளளவு ஒன்றேயான புல்லாங்குழல்களை வெவ்வேறு பொருளில் செய்து சோதித்தார், கேட்டவர்களால் வேறுபாடு பிரிக்க முடியவில்லை. சாக்ஸபோன் நெக்குகளில் நிஜமாகவே வித்தியாசம் கேட்டால், உள்விட்டம், விரிவு, வளைவு, ஒக்டேவ் துளையின் அளவு ஆகியவற்றில்தான் முதலில் தேடுவேன். உலோகத்துக்குக் கடைசி இடம். புது நெக் வாங்கியே தீருவது என்றால் வாத்தியம் ஒரு சொட்டு ஒழுகாமல் இருந்த பிறகு, அதே கம்பெனி உடம்புக்குச் செய்ததை, உங்கள் மவுத்பீஸோடு கையில் எடுத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். அளவை எழுதிக்கொண்டு போங்கள்.

இனி ஐயாவின் முதல் புகார். சுருதி இறங்கியே நிற்கிறது என்றாரே. நெக் சரியான பிறகும் நுவரெலியாவில் முதல் பூசைக்கு அது முழுதாகப் போகவில்லை. அதற்குக் காரணம் குளிர். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் குறைகிறது, ஊதும் வாத்தியத்தின் சுருதி மூன்று சென்ட் அளவுக்கு இறங்குகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். விடியற்காலை 12 டிகிரி சாதாரணம். கொழும்பில் 28 டிகிரியில் நேராக வைத்த வாத்தியம் அங்கே பெட்டியிலிருந்து எடுத்த உடனே அரை ஸ்வரத்தில் பாதி இறங்கி நிற்கும். மூச்சுச் சூட்டில் நெக் சீக்கிரம் ஏறும், மணிப்பக்கம் மெதுவாக. அதனால் மேல் ஸ்வரங்கள் முதலில் நேராகி, கீழ் ஸ்வரங்கள் பின்தங்கும். கீபோர்டோ குளிரைப் பற்றிக் கவலைப்படாது. இதைக் கேட்டுத்தான் யாரோ குட்டை நெக் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். குளிருக்காக உடம்பின் கூம்பையே மாற்றிவிட்டால் பத்து மணிப் பூசைக்கு என்ன செய்வது?

ஐயாவிடம், பூசைக்குக் கால் மணி முன்னால் நெக்கைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புக்குள் சத்தம் வராமல் வெறும் சூடான மூச்சு விடுங்கள், எல்லாக் கீயையும் மூடிக்கொண்டு, என்றேன். அதற்காகத்தான் புது கார்க்கைக் கொஞ்சம் நீளமாகவே வைத்திருந்தேன், உள்ளே தள்ள இடம் வேண்டுமே.

மாசியில் நுவரெலியா போயிருந்தபோது அவர் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தேன். காணிக்கைப் பாட்டுக்கு அவர் நெக்கைத் திருகாமல், ஒரே அழுத்தில், கையைக் கார்க்குக்குப் பக்கத்தில் பிடித்தபடி மவுத்பீஸை மாட்டினார். பூசை முடிந்து வெளியே வந்ததும் கழற்றிக் காட்டினார். கார்க்கில் பென்சிலால் இரண்டு கோடு. உள்ளே இருப்பது நுவரெலியா காலைக்கு, ஒரு விரல் வெளியே இருப்பது கொழும்புப் பக்கம் வத்தளையில் மகள் வீட்டுக்குப் போனால் வாசிக்க. அவரே போட்டது.

"கீழ 'சி'தான் இன்னும் கொஞ்சம் மூச்சு கேக்குது தம்பி."

அந்த பேடை நான் மாற்றவில்லை. சித்திரைத் தேருக்கு முன் பெட்டியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.